தூரத்துச் சந்தைக்குள் நுழைதல்: இளம் நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொடங்கி ஐந்தாறு ஆண்டுகூட ஆகாத, ஆனால் ஏற்கெனவே ஒன்றிரண்டு வெளிநாடுகளில் விற்றுப் பழகிய நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்ததாக நைஜீரியா, பிரேசில், எகிப்து, இந்தோனேசியா போன்ற ஏதோ ஒரு தூரத்து வளரும் சந்தையின் மீது உங்களுக்குக் கண் விழுந்திருக்கும்.

இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். மக்கள்தொகையைப் பார்த்து மயங்குவார்கள். கண்காட்சியில் ஒரு விநியோகஸ்தரைப் பிடிப்பார்கள். அவர் கேட்டவுடன், அவரைத் தவிர வேறு யார் வழியாகவும் விற்கமாட்டோம் என்ற தனியுரிமையை நாடு முழுவதற்கும் எழுதிக் கொடுப்பார்கள். சரக்கை ஏற்றுவார்கள். பணம் எப்படி வரும் என்ற விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் வராது.

கீழே உள்ள படிகள் அந்தத் திருப்பிய வரிசையில் இருக்கின்றன. செலவு குறைந்த, ஆனால் கதவை முழுதாக அடைக்கக்கூடிய கேள்விகள் முன்னால் வருகின்றன. ஒரு படியில் 'முடியாது' என்று விடை வந்தால் அடுத்த படிக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

1. கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு ஆள். நிறுவனரோ, விலையையும் கடன் தவணையையும் அந்த இடத்திலேயே முடிவு செய்யும் அதிகாரம் உள்ள ஒருவரோ, வாரத்தில் ஒன்றிரண்டு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த விற்பனை அலுவலரிடம் இதை ஒப்படைத்தால் எதிர்த்தரப்பு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 'தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றுதான் பதில் போகும். மூன்றாவது முறையோடு அவர்கள் வேறு சப்ளையரைத் தேடிப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, திரும்பி வராவிட்டாலும் நிறுவனம் மூழ்காத அளவு பணம். முதல் சரக்கின் முழு மதிப்பு, அதற்கு மேல் சான்றிதழ், பயணம், வழக்கறிஞர் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை போனால் அடுத்த மாதச் சம்பளம் நிற்கும் என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

மூன்றாவது, உங்கள் பொருளின் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண். முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்றே. அதற்குப் பிந்தைய இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி பிரிக்கிறது. தீர்வையும் உரிமமும் தடையும் பெரும்பாலும் அந்தப் பின் இலக்கங்களில்தான் மாறும். அதனால் உங்கள் நாட்டுக் குறியீட்டை அப்படியே இன்வாய்ஸில் போட்டு அனுப்பாதீர்கள். போகும் நாட்டின் அட்டவணையில் தேடி, அங்குள்ள சுங்க முகவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

2. ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

இளம் நிறுவனங்களுக்குச் சந்தை பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வந்து சேர்கிறது. எங்கிருந்தோ ஒருவர் விலை கேட்கிறார், உடனே அந்த நாடே நம்முடையது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. விசாரணை வந்தது நல்ல சகுனம்தான். ஆனால் அதே மின்னஞ்சல் வேறு இருபது பேருக்கும் போயிருக்கலாம்.

நான்கைந்து நாடுகளை வரிசைப்படுத்த ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் 'டிரேட் மேப்' தளத்தில் தொடங்குங்கள். உங்கள் எச்.எஸ். குறியீட்டில் அந்த நாடு யாரிடமிருந்து, எவ்வளவு மதிப்புக்கு வாங்குகிறது என்று பாருங்கள். மதிப்பை அளவால் வகுத்தால் சராசரி இறக்குமதி விலை கிடைக்கும். அது உங்கள் உற்பத்திச் செலவைவிடக் குறைவாக இருந்தால் அந்த நாட்டை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அதே மையத்தின் 'மார்க்கெட் ஆக்சஸ் மேப்' தீர்வை விகிதத்தைக் காட்டும். போட்டியாளரின் நாட்டுக்கு வர்த்தக உடன்படிக்கையால் சுழியமும் உங்களுக்கு 20 சதவீதமும் என்றிருந்தால் அந்த இடைவெளியைத் தரத்தால் மட்டும் நிரப்புவது கடினம்.

புதியவர்கள் இங்கே ஒரு பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்' தரவரிசையை இன்னமும் முதலீட்டாளர் விளக்கப் படங்களில் போடுகிறார்கள். தரவுகளில் முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டு 2021-ல் அது நிறுத்தப்பட்டது. நாட்டு அபாயத்துக்கு ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு ஏற்றுமதிக் கடனுக்காக வெளியிடும் 0 முதல் 7 வரையிலான வகைப்பாடு பயனுள்ளது. 7 என்றால் போகக்கூடாது என்று பொருளல்ல. கடனுக்கு விற்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று நாடு வேண்டாம். அபாயத்தைப் பரப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு கவனத்தைத்தான் பரப்புகிறார்கள்.

3. பணம் வெளியே வரும் வழியை முதலில் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வாங்குபவர் நேர்மையானவர், பணமும் வைத்திருக்கிறார் என்றே இருக்கட்டும். அவருடைய பணம் உள்ளூர் நாணயத்தில் இருக்கிறது. அதை டாலராக மாற்றி வெளியே அனுப்ப அவருடைய வங்கியிடம் டாலர் இருக்க வேண்டும், அந்நாட்டு மத்திய வங்கியின் விதியும் அனுமதிக்க வேண்டும். இந்த இரண்டும் அவர் கையில் இல்லை.

நைஜீரியாவில் டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2022-ல் அந்நாட்டுச் சேவையையே நிறுத்தியது. 2024 அக்டோபரில்தான் மீண்டும் பறந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பணமே மாட்டிக்கொள்ளும்போது முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் இன்வாய்ஸ் எந்த வரிசையில் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். எகிப்தில் 2022-ன் தொடக்கத்தில் பெரும்பாலான இறக்குமதிகளுக்கு எல்.சி. எனப்படும் லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி, கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த விதி விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் துறைமுகங்களில் சரக்கு மலைபோலத் தேங்கியது.

நாணய மதிப்பு சரிவது தனிக்கதை. 2024 மார்ச்சில் எகிப்து தன் பவுண்டைச் சந்தைப் போக்கில் விட்டபோது டாலருக்கு ஏறத்தாழ 31 என்றிருந்த விகிதம் ஒரே நாளில் 50-ஐ நெருங்கியது. டாலரில் விலை பேசியிருந்தால் நமக்கு நட்டமில்லை என்று நினைக்கலாம். ஆனால் உங்கள் பொருளைக் கடனுக்கு வாங்கி உள்ளூர்ப் பணத்தில் விற்றுவிட்ட இறக்குமதியாளருக்கு அன்றைக்கே நட்டம். அவர் தரவேண்டியது அவரிடம் இல்லாமல் போகும். டாலர் விலை உங்களை நாணய அபாயத்திலிருந்து காப்பாற்றாது. அதை வாராக்கடன் அபாயமாக மாற்றும், அவ்வளவுதான்.

ஆகவே விசாரிக்க வேண்டியவை இவை. இறக்குமதிக்கு முன்பே வங்கியில் பதிய வேண்டிய படிவம் உண்டா? நைஜீரியாவில் 'படிவம் எம்' இல்லாமல் வந்த சரக்குக்கு அதிகாரபூர்வமாக அந்நியச் செலாவணி கிடைக்காது. வங்கி விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் எவ்வளவு இடைவெளி? இடைவெளி அகலமாக இருந்தால் டாலர் தட்டுப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்டுக்கு ஏற்கெனவே விற்கும் இரண்டு மூன்று பேரிடம் 'கடைசியாக வந்த பணம் தவணை கழிந்து எத்தனை நாளில் வந்தது' என்று கேளுங்கள். 'எல்லாம் ஒழுங்காக வருகிறது' என்ற பதிலால் பயனில்லை, நாள்கணக்கு வேண்டும்.

பணம் வாங்கும் முறைக்கு என் சிபாரிசு: முதல் இரண்டு மூன்று சரக்குக்கு முழு முன்பணம், அல்லது உறுதி செய்யப்பட்ட எல்.சி. 'உறுதி செய்யப்பட்ட' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சாதாரண எல்.சி.யில் பணம் தரப் பொறுப்பேற்பது வாங்குபவரின் வங்கி. அந்த வங்கி இருக்கும் நாட்டிலேயே டாலர் இல்லை என்றால் பொறுப்பேற்று என்ன பயன்? இன்னொரு நாட்டில் இருக்கும் பெரிய வங்கி தன் உறுதியைச் சேர்த்தால்தான் அந்த அபாயம் நீங்கும். எந்த வங்கியும் உறுதி தர முன்வரவில்லை என்றால் அதுவே உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த சந்தை ஆய்வு.

எல்.சி. கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-ன்படி எல்.சி.யில் வேறு கெடு இல்லாவிட்டால் சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வங்கி ஐந்து வேலை நாளுக்குள் ஏற்கிறதா மறுக்கிறதா என்று சொல்ல வேண்டும். எல்.சி.யில் 400 பெட்டி என்றும் பேக்கிங் பட்டியலில் 398 என்றும் இருந்தாலோ, எல்.சி. கேட்ட சான்றிதழில் கையெழுத்து விடுபட்டாலோ, மறுக்க அது போதும். பிறகு பணம் தருவது வாங்குபவரின் விருப்பத்துக்குப் போய்விடும். அவரும் விலைக்குறைப்பு கேட்பார். எல்.சி. வரைவு வந்த அன்றே, சரக்கைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே, அதிலுள்ள ஒவ்வொரு ஆவணத்தையும் உங்களால் அதே சொற்களில் தர முடியுமா என்று உட்கார்ந்து சரிபாருங்கள். திருத்தம் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

கடனுக்கு விற்கும் கட்டம் வந்தால் உங்கள் நாட்டின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்திடம் போங்கள். அவர்கள் வாங்குபவரைப் பற்றிச் சொல்லும் கடன் வரம்பே பாதித் தகவல்.

4. உள்ளே நுழைய என்ன அனுமதி, அது யார் பெயரில்

முதல் பாதியை எல்லோரும் விசாரிக்கிறார்கள். இரண்டாம் பாதியைக் கேட்பவர்கள் குறைவு.

கென்யாவுக்குப் போகும் பல பொருள்களுக்கு ஏற்றும் நாட்டிலேயே பரிசோதனை செய்து சான்று வாங்க வேண்டும். நைஜீரியாவில் 'சோன்கேப்' சான்று, சவூதியில் சான்று வாங்க 'சேபர்' இணையத் தளம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நடைமுறை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் பலவற்றில் சரக்கின் விவரத்தையும் பயணத்தையும் பதியும் சரக்குத் தடக்குறிப்பு ஒன்றைக் கப்பல் கிளம்பும்போதே எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அங்கே அபராதம். பிரேசிலில் மின்னழுத்தமே ஊருக்கு ஊர் 127, 220 வோல்ட் என்று மாறும். மின்சாதனம் விற்பவர்கள் பொருளையே மாற்ற வேண்டிவரும். சான்று, பரிசோதனை, லேபிள் மூன்றுக்கும் ஆகும் காலத்தைக் கூட்டி, அந்தத் தேதியிலிருந்து விற்பனைத் திட்டத்தைத் தொடங்குங்கள்.

இனி இரண்டாம் பாதி. மருந்து, மருத்துவக் கருவி, உணவு, அழகுசாதனம் போன்றவற்றுக்கு உள்ளூர்ப் பதிவு வேண்டும். பிரேசிலின் சுகாதாரக் கட்டுப்பாட்டு அமைப்பான 'அன்விசா'விடம் மருத்துவக் கருவியைப் பதிய அந்நாட்டு நிறுவனமே பதிவுதாரராக இருக்க வேண்டும். நீங்கள் அங்கே நிறுவனம் வைத்திருக்கமாட்டீர்கள். 'என் பெயரில் பதிந்துவிடுகிறேன், செலவும் என்னுடையது' என்று விநியோகஸ்தர் சொல்வார். கேட்க இனிமையாக இருக்கும். பிறகு அவர் விற்காவிட்டாலும் அவரை மாற்ற முடியாது, ஏனென்றால் உரிமம் அவரிடம். மீண்டும் பதிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். பதிவை மட்டும் வைத்திருந்து, விற்பனையில் தலையிடாமல், ஆண்டுக் கட்டணம் வாங்கும் தனி நிறுவனங்கள் பல நாடுகளில் உண்டு. அந்தக் கட்டணம் வீண்செலவாகத் தோன்றினாலும் கொடுங்கள்.

5. பெயரைப் பதிவு செய்யுங்கள்

இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. பெரும்பாலான நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே வர்த்தக முத்திரை சொந்தம். ஆகவே விநியோகஸ்தரைச் சந்திக்கும் முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

தொழில்சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி உங்கள் நாட்டில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே கணக்கில் கொள்ளப்படும். வர்த்தக முத்திரைகளுக்கான மாட்ரிட் நெறிமுறை வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். இந்தோனேசியா 2018-லும் பிரேசில் 2019-லும் அதில் சேர்ந்தன. எல்லா நாடும் அதில் இல்லை, போகும் நாட்டைச் சரிபாருங்கள். பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றை உள்ளடக்கிய 'ஓ.ஏ.பி.ஐ.' அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே பதிவு 17 நாடுகளுக்குச் செல்லும். விண்ணப்பதாரர் பெயர் உங்கள் நிறுவனத்தின் பெயராகவே இருக்கட்டும், எவ்வளவு நம்பிக்கையான நண்பர் அங்கே இருந்தாலும்.

6. விலையைக் கடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

தொழிற்சாலை விலையில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். அதைச் செய்து பார்த்தால் ஏன் அது போதாது என்று புரியும். ஓர் உதாரணக் கணக்கு:

தொழிற்சாலை விலை 100. கப்பல் கட்டணமும் காப்பீடும் 15, ஆக 115. தீர்வை 20 சதவீதம், ஆக 138. துறைமுகச் செலவும் உள்ளூர் லாரியும் 10, ஆக 148. இறக்குமதியாளர் 25 சதவீதம் சேர்த்தால் 185. மொத்த வியாபாரி 10 சதவீதம், கடைக்காரர் 25 சதவீதம் சேர்த்தால் 254. அதன்மேல் 15 சதவீத விற்பனை வரி. கடையில் ஒட்டும் விலை 292.

நூறு ரூபாய்ப் பொருள் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. அங்கே போட்டிப் பொருளின் விலை 220 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் உங்கள் தொழிற்சாலை விலை 69 ஆக இருக்க வேண்டும். நேர் விகிதத்தில் 75 வரும் என்று தோன்றும். ஆனால் கப்பல் கட்டணமும் துறைமுகச் செலவும் உங்கள் விலை இறங்கியதற்காகத் தாமும் இறங்காது. அந்த 69-ல் விற்க முடியுமா? முடியாது என்றால் பொருளைச் சிறிதாக்குவதா, பாதி தயாரித்து அனுப்பி அங்கே ஒன்றுசேர்ப்பதா, விலை பாராமல் வாங்கும் சிறு பிரிவுக்கு மட்டும் விற்பதா என்று யோசிக்க வேண்டும். இறக்குமதியாளரின் லாபத்தைக் குறைக்கச் சொல்வது மட்டும் வழியல்ல. லாபமில்லாத பொருளை அவர் கிடங்கின் மூலையில் போட்டுவிடுவார்.

7. போய்ப் பாருங்கள், ஆனால் கண்காட்சிக்கு மட்டும் அல்ல

கண்காட்சி அரங்கில் உங்களிடம் வருபவர்கள் விற்பவர்களைத் தேடுபவர்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் வேறு: உங்கள் பொருளை இன்று விற்கும் கடைக்காரர், அதைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், கொள்முதல் அலுவலர், சுங்க முகவர்.

கடையில் நின்று எந்தப் பொருள் கண் மட்டத்தில் இருக்கிறது, எதன் மேல் தூசி படிந்திருக்கிறது என்று பாருங்கள். 'இந்த பிராண்டை யார் கொண்டுவந்து தருகிறார்கள், எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார்கள், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா' என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல விநியோகஸ்தரின் பெயர் உங்களுக்கு இப்படித்தான் கிடைக்கும். தலைநகரை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். இரண்டாம் நிலை நகரம் ஒன்றுக்குச் சாலை வழியே போங்கள். சரக்கு போய்ச் சேர எத்தனை நாளாகும் என்பது அந்தப் பயணத்திலேயே தெரிந்துவிடும்.

மக்கள் எப்படிப் பணம் செலுத்துகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கிரெடிட் கார்டை மட்டுமே நம்பி வளர்ந்த ஊபர் 2015-ல் ஹைதராபாத்தில் ரொக்கம் வாங்கத் தொடங்க வேண்டியிருந்தது. கென்யாவில் கைப்பேசி வழிப் பணமான எம்-பெசா, பிரேசிலில் 2020 நவம்பரில் வந்த உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பிக்ஸ் இல்லாமல் நேரடி விற்பனை நடப்பது கடினம்.

8. விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய விநியோகஸ்தரே நல்லவர் என்பது பொதுவான நம்பிக்கை. உங்களைப் போன்ற பெயர் தெரியாத நிறுவனத்துக்கு அது பெரும்பாலும் தவறு. அவருடைய பட்டியலில் நூற்றுக்கணக்கான பொருள்கள். நீங்கள் பத்தோடு பதினொன்று. சில சமயம் போட்டிப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களை உள்ளே விடாமல் தடுப்பதற்காகவே தனியுரிமை வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. நடுத்தர அளவில், உங்கள் பொருளால் தன் வியாபாரம் கண்ணுக்குத் தெரியும்படி உயரும் என்ற நிலையில் இருப்பவரைத் தேடுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு சிறு வேலை கொடுங்கள்: 'அடுத்த பதினைந்து நாளில் பத்து வாடிக்கையாளரிடம் மாதிரியைக் காட்டி அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள்.' ஆர்வம் உள்ளவர் ஏழு பெயரோடாவது வருவார். இல்லாதவர் முதலில் தனியுரிமை ஒப்பந்தம் அனுப்பச் சொல்வார். இதற்குமேல் ஆழமான குணச் சோதனை எனக்குத் தெரியாது.

அவர் நிறுவனப் பதிவை அந்நாட்டுப் பதிவகத்தில் நேரடியாகச் சரிபாருங்கள். அவர் அனுப்பிய பி.டி.எஃப். போதாது. உரிமையாளர், இயக்குநர் பெயர்களை ஐ.நா., அமெரிக்க, ஐரோப்பியத் தடைப் பட்டியல்களில் தேடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவரிடமிருந்து வரும் பணத்தை உங்கள் வங்கியே முடக்கிவிடும். அவர் இப்போது விநியோகிக்கும் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களோடு பேசுங்கள். அதைவிட முக்கியம், அவரை விட்டு விலகிய ஒரு நிறுவனத்தோடு பேசுவது.

இன்னொன்று, சுங்கத்தில் 'கவனித்துக்கொள்ள' என்று விளக்கமில்லாத தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு, உங்கள் சார்பில் வேலை செய்பவர் கொடுத்த லஞ்சமும் உங்கள் கணக்கில்தான் சேரும். சில்லறைத் தொகை என்ற விலக்கும் கிடையாது. ரசீது இல்லாத செலவை ஏற்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு தர்மசங்கடம் குறையும்.

9. ஒப்பந்தம்

தனியுரிமை கேட்டால் மறுக்க வேண்டாம், குறுக்கிக் கொடுங்கள். ஒரு நகரம் அல்லது ஒரு வாடிக்கையாளர் வகை, ஓராண்டு, குறைந்தபட்சக் கொள்முதல் அளவு. அளவை எட்டாவிட்டால் தனியுரிமை தானாகவே போய், சாதாரண விநியோகஸ்தராகத் தொடரலாம் என்று எழுதுங்கள். அவரை நீக்குவதைவிட இது நடைமுறைக்கு ஏற்றது, உறவும் முறியாது.

கையெழுத்துக்கு முன் அந்நாட்டு முகவர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தவரிடம் காட்டுங்கள். பிரேசிலில் 1965-ஆம் ஆண்டின் 4886-ஆம் எண் சட்டப்படி, தக்க காரணமின்றி வணிகப் பிரதிநிதியை நீக்கினால், அவர் அதுவரை பெற்ற மொத்தக் கமிஷனில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் இது செல்லும். கமிஷன் முகவரா, தன் பணத்தில் வாங்கி விற்பவரா என்ற வேறுபாடு இதனால்தான் முக்கியம்.

வழக்கு வந்தால் உங்கள் ஊர் நீதிமன்றம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்தத் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் நிறைவேற்ற முடியாமல் போகலாம். நீதிமன்றத்துக்குப் பதிலாக இருதரப்பும் ஏற்ற நடுவர் தரும் தீர்ப்பைப் பிற நாடுகளில் நிறைவேற்ற 1958 நியூயார்க் உடன்படிக்கை வழி செய்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நடுநிலையான ஊரில் நடுவர் மன்றம் என்று எழுதுங்கள். தொகை சிறிதாக இருந்தால் அந்தச் செலவும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. முன்பணத்தை மீண்டும் மீண்டும் நான் வலியுறுத்துவது அதனால்தான்.

10. முதல் சரக்கு

எவ்வளவு சிறிதாக அனுப்ப முடியுமோ அவ்வளவு சிறிதாக அனுப்புங்கள். கன்டெய்னர் நிரம்பாவிட்டால் ஒரு பெட்டிக்கான கப்பல் செலவு கூடும்தான். இந்தச் சரக்கின் நோக்கம் லாபமல்ல, ஆவணங்களும் சுங்கமும் பணமும் ஒருமுறை முழுச் சுற்று போய்வருகிறதா என்று பார்ப்பது.

எந்தச் செலவும் அபாயமும் விற்பவருக்கு, எது வாங்குபவருக்கு என்று பிரிக்கும் சர்வதேச விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-ல் பதினொரு விதிகள் உண்டு. புதியவர்கள் தவிர்க்க வேண்டியவை இரண்டு முனைகள். 'இ.எக்ஸ்.டபிள்யூ.' என்றால் ஏற்றுமதிச் சுங்கமே வாங்குபவர் தலையில். உங்கள் நாட்டில் ஏற்றுமதிக்கான சான்று உங்கள் கைக்கு வராமல் போகலாம். 'டி.டி.பி.' என்றால் அந்நாட்டு இறக்குமதித் தீர்வையும் வரியும் உங்கள் தலையில். அங்கே பதிவில்லாத நீங்கள் இறக்குமதியாளராக நிற்கவே முடியாமல் போகலாம். கன்டெய்னர் சரக்குக்குப் பழக்கத்தில் எல்லோரும் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு என்ற 'எஃப்.ஓ.பி.' போடுகிறார்கள், அதற்குக் குறித்த இடத்தில் சரக்கு ஏற்றுபவரிடம் ஒப்படைக்கும் 'எஃப்.சி.ஏ.'தான் பொருந்தும், ஏனென்றால் பெட்டி உங்கள் கையைவிட்டுப் போவது கப்பலில் அல்ல, முனையத்தில். காப்பீட்டோடு விற்பதாக இருந்தால், 'சி.ஐ.எஃப்.' கேட்பது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே, 'சி.ஐ.பி.' கேட்பது விரிவான காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள்.

துறைமுகத்தில் இலவச நாள்கள் முடிந்ததும் டிமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். ஆவணம் சரக்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் பேரம் பேசும்போது கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதைவிடக் கூடுதல் இலவச நாள் கேளுங்கள்.

11. மென்பொருளும் சேவையும் விற்பவர்களுக்கு

உங்களுக்குத் துறைமுகம் இல்லை, ஆனால் கதவு உண்டு. இந்தோனேசியாவில் பதிவு செய்யாத இணையச் சேவைகளை 2022 ஜூலை இறுதியில் முடக்கியபோது பேபாலும் ஸ்டீமும்கூட அதில் மாட்டின. பதிவு, தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை நாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டுமா என்ற மூன்றையும் நான்காம் படியிலேயே பாருங்கள்.

மூலத்தில் பிடிக்கும் வரி இன்னொரு பொறி. நீங்கள் 100 என்று இன்வாய்ஸ் போடுவீர்கள், வாடிக்கையாளர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். இரட்டை வரி விலக்கு உடன்படிக்கை இருந்தால் விகிதம் குறையலாம், அதற்கு உங்கள் நாட்டு வரி வதிவிடச் சான்றிதழ் பணம் அனுப்பும் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். விலை பேசும்போதே 'வரி போக நிகரத் தொகை' என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் அங்கே போய்த் தங்கி வேலை செய்தால் நாள்களை எண்ணுங்கள். ஐ.நா. மாதிரி உடன்படிக்கையைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில் 12 மாதத்தில் 183 நாளைத் தாண்டினால் அங்கே உங்களுக்கு நிலையான நிறுவனம் இருப்பதாகக் கொண்டு லாபத்துக்கும் வரி கேட்கலாம்.

12. எப்போது அலுவலகம் திறப்பது, எப்போது விலகுவது

முதல் ஆர்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆர்வத்தில் வாங்கியதாக இருக்கலாம். இரண்டாவது ஆர்டர், கேட்காமலே, முன்னதைவிடப் பெரிதாக வந்தால் சந்தை இருக்கிறது. விநியோகஸ்தரின் கிடங்கில் எவ்வளவு கிடக்கிறது, கடையிலிருந்து எவ்வளவு போனது என்ற இரண்டு எண்ணையும் மாதந்தோறும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்.

விலகும் நிபந்தனையைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள்: இத்தனை மாதத்துக்குள் இரண்டாவது ஆர்டர் இல்லையென்றால், அல்லது பணம் இத்தனை நாளுக்கு மேல் தாமதித்தால், நிறுத்துவோம் என்று. போட்ட காசை மீட்கிறோம் என்று மேலும் போடும் நிலையில் இதை எழுத மனம் வராது.

சொந்தக் கிளை நிறுவனம், விற்பனை நிலையாகி, உள்ளூரில் கடன் வசூலிக்கவோ பழுதுபார்க்கவோ ஆள் தேவைப்படும்போது மட்டும். அதுவரை ஊழியர் வேண்டுமானால், உங்கள் சார்பில் அவரைச் சட்டப்படி வேலைக்கு வைத்துச் சம்பளம் போடும் நிறுவனங்கள் உண்டு. உள்ளூர் இயக்குநர் கட்டாயம் என்றிருக்கும் நாடுகளில் அவர் கையில் வங்கிக் கையெழுத்து அதிகாரத்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள். பதிவு செய்ய எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூடுவதற்கு எத்தனை மாதம், எந்தெந்த வரி அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும் என்பதையும் அதே வழக்கறிஞரிடம் அதே நாளில் கேட்டு எழுதி வாங்குங்கள்.